ஒரு ரிங் அடி, பாப்பா

ஒரு மனிதருடைய போன் நம்பரை ஏமாற்றுக்காரர்களின் கையிலிருந்து மீட்டுக் கொடுத்தேன். அதைச் செய்தபோது, அவர் இன்னும் ஒரே ஒரு முறை கேட்க ஆசைப்பட்ட ஒரு குரலுக்கான வழியையும் அடைத்துவிட்டேன். நான் அப்படிச் செய்திருக்க வேண்டுமா? பல மாதங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். மகளுக்குத் தலை பின்னும்போது ஒரு பதில் வரும். பின்னி முடிப்பதற்குள் அது மாறிவிடும்.

நம் மாவட்டத்துக் கடைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, என் அனுபவங்களை எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு தொலைபேசி கம்பெனியின் பெயரில் நடக்கும் கடையில் இத்தனை வருடம் கவுன்டரில் இருந்தேன். இந்த மாதத்தோடு நிற்கிறேன். கணவருக்குத் திண்டிவனத்தில் வேலை அமைந்திருக்கிறது. மகளையும் அங்கேதான் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுபோல எழுத எனக்கு வயதும் இல்லை, அந்தத் தெளிவும் இல்லை. சிம் விற்பது, ரீசார்ஜ் போடுவது, கைரேகை எடுப்பது எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்குக் கைவந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். போனில் வரும் ஒரு குரலை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதில்தான் நான் தடுமாறினேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

பிற்பகலில் கடையில் கூட்டம் குறையும். அப்போது நமக்கு இன்னொரு வேலை உண்டு. ஆவணம் சரியாக இல்லாத நம்பர்களை மேல் அலுவலகம் நமக்கு அனுப்பும். அந்த ஆட்களைக் கூப்பிட்டு, ஆதாரோடு கடைக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். வராவிட்டால் முதலில் அவர்களால் யாரையும் கூப்பிட முடியாமல் போகும். பிறகு அவர்களுக்கு வரும் அழைப்புகளும் நின்றுவிடும்.

சேர்ந்த புதிதில், எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். “வணக்கம், கம்பெனியிலிருந்து பேசுறேன். உங்க ஆவணம் முழுமையா இல்ல. உடனே சரி பண்ணலைன்னா உங்க நம்பர் துண்டிக்கப்படும்.” பதறிப்போய் ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். கிடைத்ததெல்லாம் கிண்டல்தான்.

“இன்னாம்மா, காலைலதான் ஒருத்தன் கூப்ட்டு இதையே சொன்னான். இப்ப அவன் தங்கச்சியா?” என்றார் ஒருவர்.

“துண்டிச்சிக்கோ தாயே. சீட்டுக்காரன் தொல்லையாவது இல்லாம இருக்கும்,” என்றார் இன்னொருவர்.

எனக்கு முன்பிருந்தே அந்தக் கடையில் வேலை பார்த்த அக்கா ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். “நீ பேசறத கேட்டா என் நம்பரே போயிடுமோன்னு எனக்கு இருக்குது,” என்றார். “கண்ண மூடிக்கினு கேளு. நீ யாரு, அந்தத் திருட்டுப் பையன் யாருன்னு தெரியுதா?”

“நான் உண்மையத்தானக்கா சொல்றேன்.”

“அவனும் அதையேதான் சொல்றான். பயமுறுத்தி அவசரப்படுத்தற வேல அவனுது. அத நீயும் செஞ்சா, அவனுக்குத்தான் நீ ஆளு புடிச்சிக் குடுக்கற. இன்னிக்கி ஒன்னோட கொரலுக்கு பயந்தவங்க, நாளைக்கி அவன் கொரலுக்கும் பயப்படுவாங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போனேன். அப்போது என் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து படுத்திருந்த அவள் அப்பாவிடம் கடுமையான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “உங்க நம்பர் கட் ஆயிடும். சீக்கிரம் பண்ணுங்க. சீக்கிரம்.” அவள் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை வாயில் கேட்ட பிறகுதான், அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து முதல் வாக்கியத்தை மாற்றினேன். “நான் கம்பெனி கடையிலேர்ந்து பேசறேன். ஆனா போன்ல சொல்றத நீங்க நம்ப வேணாம். வெச்சிட்டு, செஞ்சிக்கு வர்றப்ப கடைக்கு வந்து கேளுங்க.” அடுத்த முறை டீ வாங்கும்போது அக்கா எனக்கும் சேர்த்து வாங்கினார்.

இது வரை நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன். இதற்கு மேல் ஒரு படி போனதில்தான் சந்தேகம்.

ஒரு பூக்காரம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். “எந்த ஊருலேர்ந்து பேசற?” என்று அதட்டினார்.

“செஞ்சிதாங்க.”

“செஞ்சியா? கோட்டைல எத்தினி மலை?”

“மூணு.”

“அது புக்குலயே போட்டிருக்குது. வெள்ளிக்கிழம சந்தையில ஆடு வாங்கியிருக்கியா?”

“ஆடெங்க வாங்கறது? எங்க வீட்டுக்காரரு கறி வாங்கறதே மாசத்துல ஒருவாட்டிங்க.”

“அப்ப நீ நம்ம ஊருதான்,” என்று சிரித்தார். மறுநாளே ஆதாரோடு வந்தார். எனக்கு ஒரு முழம் மல்லிகையும் கொடுத்தார்.

இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த நாட்களில் வந்த ஏமாற்று அழைப்புகளில் பெரும்பாலும் பதிவு செய்த குரல் ஒன்று செய்தி வாசிப்பதுபோல விறைப்பாகப் பேசும். அல்லது பாதித் தமிழில் யாரோ திணறுவார்கள். நம் பக்கத்துப் பேச்சு அவர்களுக்கு வராது. ஆகவே கவுன்டருக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினேன்: கம்பெனி என்று யாராவது கூப்பிட்டால் ஊரைப் பற்றி ஏதாவது கேளுங்கள், பதிலில் ஊர் வாசனை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் வையுங்கள். ஜனங்களுக்கு இது விளையாட்டாகவும் இருந்தது. “மலை எத்தினின்னு கேட்டா, சர்வர் பிசின்றான்மா,” என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கடையே சிரித்தது. இந்த ஊருக்கென்று ஒரு பூட்டு செய்துவிட்டதாக எனக்குப் பெருமை.

சவரிமுத்து எங்கள் கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான்.

சிங்கவரத்தைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். வேர்க்கடலையும் நெல்லும் போடுகிறவர். அவருடைய நம்பரும் எனக்கு வந்திருந்தது. கூப்பிட்டுச் சொன்னதும், போனை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன். என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரையும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்த சிம் அவர் மகனின் பெயரில் இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது மகன் தன் ஆதாரைக் கொடுத்து அப்பாவுக்கு வாங்கித் தந்த நம்பர். இப்போது சரிபார்க்க வேண்டுமென்றால் மகன்தான் வந்து கைரேகை வைக்க வேண்டும்.

“எம்பேருக்கு மாத்திக் குடுத்துடு பாப்பா.”

“அதுக்கும் உங்க பையன் வரணும் நைனா. எங்க இருக்காரு?”

“வெளிநாட்டுல. கம்ப்யூட்டர் வேல.”

“எப்ப வருவாரு?”

அவர் கவரிலிருந்து போனை எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி கவரில் போட்டார். பிறகுதான் சொன்னார். ஒரு ஏஜென்ட் மூலமாகப் போனான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் மாதா கோயிலை விட்டு வெளியே வரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவான். அப்புறம் அழைப்புகள் குறைந்தன. கடைசியாகப் பேசியபோது குரலைத் தாழ்த்தி, “நைனா, இந்த நம்பர மட்டும் மாத்திடாத. எனக்கு மனப்பாடமா இருக்கறது இது ஒன்னுதான்,” என்றான். அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குள்ளே போவதில்லை. சிக்னல் போய்விடும் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்து பூசை பார்க்கிறார்.

மேல் அலுவலகத்தில் கேட்டேன். மாற்றுவதற்கு இரண்டே வழி என்றார்கள். பெயருக்கு உரியவர் நேரில் வர வேண்டும். அவர் இறந்துபோயிருந்தால் சான்றிதழைக் காட்டி வாரிசுக்கு மாற்றலாம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

“அப்ப உசுரோட இருக்கறவன் பேர மாத்த மாட்டீங்க,” என்றார். “செத்துட்டான்னு எழுதிக் குடுத்தா மாத்துவீங்க.”

மேல் அலுவலகத்தில் மன்றாடி, கொஞ்சம் அவகாசம் வாங்கினேன். பயத்தில் இருக்கிறவர்களைத்தான் ஏமாற்றுக்காரர்கள் பிடிப்பார்கள் என்று தெரியும். அதனால் என் பூட்டை அவருக்கும் கொடுத்தேன். “கம்பெனின்னு யாராவது கூப்ட்டா ஊரப் பத்திக் கேளுங்க நைனா. நம்ம பேச்சு தெரியலன்னா வெச்சிடுங்க.” அவர் பாடம் கேட்பதுபோல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. சந்தை நாள், கடை நிறைந்திருந்தது. சவரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றைக் கவுன்டரில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“மல்லாட்ட துன்னு பாப்பா. வேல முடிஞ்சிது.”

“என்ன வேல நைனா?”

“பேரு மாத்தற வேலதான். கம்பெனிலேர்ந்தே கூப்ட்டாங்க. கடைக்கெல்லாம் போவ வேணாம், பையனும் வர வேணாம், நாங்களே மாத்திடறோம்னான். நீ சொன்ன மாரியே கேட்டேன். கோட்டைல எத்தினி மலைன்னேன். அவன் சிரிக்கறான். ‘மூணுன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க நைனா. ராஜகிரில மேல ஏறி, அந்தப் பாலத்து மேல நின்னா காத்து ஆளயே தள்ளும், அது தெரியுமா’ன்றான். நம்ம ஊரு புள்ள பாப்பா. நைனா, நைனான்னு அப்டி பேசறான்.”

“அப்புறம் என்ன செய்யச் சொன்னான்?”

“நட்சத்திரம் போட்டு ஏதோ ஒரு நம்பர அமுத்தச் சொன்னான். அமுத்தினேன். ஆயிடிச்சின்னான்.”

அவர் போனை வாங்கி அவர் உள்ளங்கையிலேயே வைத்தேன். கடை போனிலிருந்து அவர் நம்பரைக் கூப்பிட்டேன். என் காதில் மணி போய்க்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த போன் ஊமையாகக் கிடந்தது.

“சார்ஜ் இருக்குதே,” என்றார் அவர்.

அவருக்கு வர வேண்டிய அழைப்புகளெல்லாம் வேறு ஒரு போனுக்குப் போகும்படி செய்துவிட்டார்கள். நீங்களும் இதைப் பார்ப்பீர்கள். பணத்துக்கான ரகசிய எண்ணைப் போனில் கூப்பிட்டுச் சொல்லும் வசதி இருக்கிறதே, அந்த அழைப்பு அவர்களுக்குப் போகும். அவருடைய நம்பரில் வாட்ஸ்அப் கணக்கு திறந்து, அவர் கேட்பதுபோலச் சொந்தக்காரர்களிடம் பணம் கேட்பார்கள். இதெல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

“அலோ, சொல்லுங்க.”

இளம் குரல். பின்னால் பலர் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருக்கும் இரைச்சல். குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். சவரிமுத்து முகம் மலர்ந்து, “இவன்தான். இவன்தான் பேசனான்,” என்று என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார்.

“தம்பி, நான்தான். காலைல மல்லாட்டக் கொல்லைல இருந்தனே.”

பதில் இல்லை.

“வேல முடிஞ்சிதுன்னியே. இந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்தா முடியலன்ற மாரி இருக்குது.”

அவன் போனை வைக்கவும் இல்லை.

“நீ எந்த ஊரு தம்பி? உங்க நைனா பேரு இன்னா?” என்றார். பிறகு, “சாப்டியா?” என்றார்.

கவுன்டரின் முன்னால் நின்ற ஒரு அம்மா, “எனக்கு பஸ் போயிடும், முதல்ல ரீசார்ஜ் போட்டு வுடு,” என்று மேசையைத் தட்டினார். நான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன். போனை ஒட்டிக் காதை வைத்தேன். அந்தக் குரல் இப்போது மிகவும் தாழ்ந்திருந்தது.

“வெச்சிடு நைனா. அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்து நிறுத்திடு. சீக்கிரம்.”

பின்னாலிருந்து யாரோ நமக்குத் தெரியாத மொழியில் கத்தினார்கள். தொடர்பு அறுந்தது.

நான் சவரிமுத்துவின் போனை எடுத்தேன். அழைப்புகள் வேறு போனுக்குத் திரும்புவதை நீக்கும் எண் நமக்கெல்லாம் தெரிந்ததுதான், நான்கைந்து பொத்தான். அவர் தன் கையை அதன் மேல் வைத்து மூடினார்.

“இரு பாப்பா.”

“நைனா, அது உங்க பையனா?”

“இல்ல. எம்புள்ள கொரலு எனக்குத் தெரியாதா? இவன் வேற. ஆனா இவனும் எங்கியோ மாட்டிக்கினு இருக்கான். எம்புள்ள மாரி. அவனுக்கு இவனத் தெரிஞ்சிருக்கும். இன்னும் ஒருவாட்டி கூப்புடு.”

கம்ப்யூட்டர் வேலை என்று வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், அடைத்து வைத்து, இப்படி ஏமாற்றுப் போன் பேச வைக்கிறார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன்.

கூப்பிட்டேன். மணி போய் நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. காலையில் அவருக்கு எந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்ததோ, அதற்கும் அடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. நட்சத்திரம் போட்டு அவர் அழுத்திய நம்பருக்கு நேராக அடித்தாலும் மணி போகவில்லை.

“பாத்தியா,” என்றார். “அவன் கிட்ட போவறதுக்கு எந்நம்பர் ஒன்னுதான் வழி. அத நீ அழிச்சிட்டா அப்பறம் எப்டி போறது?”

அவர் சொன்னது சரிதான். உலகத்தில் வேறு எந்த நம்பரை அடித்தாலும் அந்தப் பையன் எடுக்க மாட்டான். இவருடைய நம்பரை அடித்தால் மட்டும் எடுப்பான், இந்தத் திருட்டு இருக்கும் வரை.

உங்களிடம் நான் சொல்ல விரும்பியது இந்த நிமிடத்தைத்தான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எனக்கு நினைவிருந்தது. உடனே நீக்கு, பிறகு புகார் கொடு. ஆனால் அந்தக் கை என் கைமேல் இருந்தது. அக்கா அன்று விடுப்பு, முதலாளி விழுப்புரம் போயிருந்தார். கேட்க யாருமில்லை. போலீசுக்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்க்கும் வரை விடலாமா? அதற்குள் அந்தப் பையனிடம் இன்னும் நாலு வார்த்தை கிடைக்குமா? எந்த நாடு, எந்த இடம் என்று ஒரு வார்த்தை கிடைத்தால் போதாதா? விட்டுவிட்டு, அதற்குள் இவர் சேமிப்பெல்லாம் போய்விட்டால், அந்தப் பழி யாருக்கு?

கடைசியில் என் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

“நைனா, இப்ப உங்க பையன் கூப்ட்டா உங்க கையில அடிக்காது. அங்கதான் அடிக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லவில்லை. கையை மட்டும் எடுத்தார்.

நீக்கினேன். கடை போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். கவுன்டர் மேலிருந்த அவர் போன் வெளிச்சம் போட்டு, அதிர்ந்து, மணியடித்தது. அவர் அதை எடுக்காமல், அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். வங்கியில் சொன்னோம், ஒன்றும் போயிருக்கவில்லை. நானும் என் கணவரும் அவரோடு காவல் நிலையத்துக்குப் போனோம். மகன் காணாமல் போனதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம். வெளிநாட்டில் சிக்கியவர்களைத் தேடுகிறவர்களுக்கும் மனு போயிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை. நிலையத்தில் ஒருவர், “நல்ல வேளை, உடனே நீக்குனீங்க,” என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தி, “கொஞ்சம் வெச்சிருந்து எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே,” என்றார். இரண்டு பேருமே நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

அன்றைக்குப் பிறகு ஊர்ப் பேச்சுச் சோதனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். குரல் எந்த ஊர் என்று பார்க்காதீர்கள், அது நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள் என்றே ஜனங்களிடம் சொல்லுங்கள். போன் பேசிக்கொண்டே எதையாவது அழுத்தச் சொன்னால், வந்த எண்ணை வாசித்துக் காட்டச் சொன்னால், அது யாராக இருந்தாலும் வைக்க வேண்டியதுதான். இன்னொன்றையும் நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நம்பர் போய்விடும் என்ற மிரட்டலில் நமக்கும் ஏமாற்றுக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாம் முடியாது என்று சொல்லி அனுப்பிய இடத்தில் அவர்கள் முடியும் என்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான். ஆகவே யாருக்காவது முடியாது என்று சொல்லி அனுப்பும்போது, அவரை அப்படியே அனுப்பாதீர்கள். “இத முடிச்சித் தர்றேன்னு யாராவது கூப்பிடுவாங்க, எங்களால முடியாதத போன்ல யாராலயும் முடிக்க முடியாது,” என்பதையும் சொல்லுங்கள். நான் அதை சவரிமுத்துவிடம் சொல்லியிருக்கவில்லை. மலை எத்தனை என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தேன்.

என் கணவர் என்னைச் சமாதானப்படுத்துகிறார். ஒரு மணி நேரம் விட்டிருந்தால் அந்த மனிதரைத் துடைத்து எடுத்திருப்பார்கள் என்கிறார். அதுவும் சரிதான். ஆனால் அந்தப் பையன் ராஜகிரியில் ஏறியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போயிருப்பார்கள். அன்று காலையில் யாரோ ஒருத்தி அவனுக்குப் புளிசாதம் கட்டி, தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டி, பாலத்தில் ஓடாதே என்று சொல்லி அனுப்பியிருப்பாள். என் மகளை நான் அப்படித்தான் அனுப்புவேன். அந்த அம்மா நம் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறாள். அவளுடைய சிம்மும் பையன் பெயரில் இருக்கலாம். அவளையும் நான் கூப்பிட்டு, நம்பர் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கலாம்.

சவரிமுத்துவின் நம்பர் இன்னும் மகன் பெயரில்தான் இருக்கிறது. அவகாசம் முடியும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு நீட்டிக்கொண்டிருக்கிறேன். நான் போன பிறகு அந்தக் கவுன்டரில் உட்காருகிறவர் தயவுசெய்து இதை விட்டுவிட வேண்டாம்.

அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறார். கூட்டம் இருந்தால் ஓரமாக நிற்பார். முறை வந்ததும் போனைக் கவரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “ஒரு ரிங் அடி, பாப்பா,” என்பார். அடிப்பேன். அவர் கையில் மணி அடிக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்கு நிம்மதி. அவருக்கும் அதே நிம்மதிதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, கவரில் ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “எப்பனா வேற யாராவது எடுத்தாங்கன்னா, ஒடனே வெச்சிடாத. என்கிட்ட குடு.”

போன வாரம் வந்தபோது வேறு ஒன்று கேட்டார்.

“தெரியாத நம்பர்லேர்ந்து வந்தா எடுக்கட்டுமா, வேணாமா?”

மற்ற எல்லோரிடமும் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இவரிடம் எப்படிச் சொல்வது? இவர் மகன் கூப்பிட்டால் தெரியாத நம்பரிலிருந்துதான் கூப்பிடுவான். “எடுங்க நைனா,” என்றேன். “யாரா இருந்தாலும் பேசுங்க. எதையும் அமுத்த மட்டும் அமுத்தாதீங்க.”

அவர் போனைக் கவரில் போட்டார்.

“எம்புள்ளையே கூப்ட்டு, அமுத்து நைனான்னு சொன்னா?”

ரீசார்ஜ் இயந்திரத்தில் காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போனேன். வெளியே வந்தபோது அவர் பஸ்ஸுக்குப் போயிருந்தார்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இதற்குப் பதில் தோன்றினால் கடை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். அனுபவம் இல்லாதவர்களும் எழுதலாம். இதில் என் அனுபவம் எனக்கு உதவவில்லை. கவுன்டரில் எனக்கு இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை பாக்கி இருக்கிறது. அவர் வருவார்.